ஆக்லாந்து – கோவை: பதினாலு மணி நேரம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்திருந்தோம். குடலில் அடைப்பு. இன்றைக்கே அறுவை சிகிச்சை செய்வதுதான் நல்லது, நாளைக் காலையைத் தாண்டினால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அப்பா கொழிஞ்சாம்பாறையில் தென்னை வைத்திருப்பவர். பிடிவாதத்தில் ஊருக்கே பெரியவர். "பாப்பா மொகத்தைப் பாக்காம கத்தி வெக்க உடமாட்டேன்" என்று படுத்துவிட்டார். பாப்பா என்றால் என் தங்கை. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறாள். போனில் சொன்னதும் உடனே கிளம்புகிறேன் என்றாள்.

"வர எத்தன நேரமாகும்டா?" என்றார் அப்பா.

பெயருக்குத்தான் நாங்கள் கேரளம். விமானம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோவைதான். ஆக்லாந்திலிருந்து கோவைக்கு எவ்வளவு தூரம் என்று செல்போனில் தேடினேன். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல், பதினாலு மணி நேரம் என்று வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பொள்ளாச்சி பஸ். ஏறி உட்கார்ந்தால் பொள்ளாச்சியில் இறங்கலாம். அதே கணக்கில், "பதினாலு மணி நேரமுங்கப்பா. நாளைக்கு விடியறப்ப இங்க இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. கோவைக்கு நேர் விமானமே கிடையாதாம். மறுநாள்தான் டிக்கெட், சிங்கப்பூரில் இறங்கி மாற வேண்டும். வந்து சேர வியாழன் மதியமாகிவிடும்.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவரோ பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஆக்லாந்துல ஏறுன பாப்பா இந்நேரம் பாதிக் கடலு தாண்டியிருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் காதிலும் அது விழுந்தது. மலையாளப் பெண். அவருடைய அக்காவும் ஆக்லாந்தில்தான் நர்ஸாம். என்னை வெளியே கூப்பிட்டு, "சேட்டா, ஆக்லாந்தில்நின்னு நேரே பிளைட் இல்லல்லோ?" என்றார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அச்சன்கிட்ட இப்பவே சொல்லுங்க. வயிறு வீங்கிட்டே போகுது" என்றார்.

உள்ளே போய்த் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இதைய அப்பவே சொல்றதுக்கென்ன? பாப்பா வர்றப்ப நானு கட்டல்ல இருக்கோணுமா, செவுத்துல படமா இருக்கோணுமா? போ, டாக்டரக் கூப்புடு."

அன்று மாலையே அறுவை சிகிச்சை முடிந்தது. குடலில் ஓர் இடம் கறுக்கத் தொடங்கியிருந்ததாம். காலை வரை விட்டிருந்தால் அழுகிப் போயிருக்கும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை தங்கை வந்தபோது அப்பா கண் திறந்து, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

பதினாலு மணி நேரம் என்று சொன்னது தெரியாமல் செய்த தவறு, அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு வராந்தாவில் நடந்த அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.