இடக்கையில் கட்டிய நூல்

செல்லூரில், விசைத்தறிகளின் இரைச்சல் ஓயாத ஒரு சந்தில் அவரைச் சந்தித்தேன். மின்னணுப் பலகைகளைப் பழுது பார்ப்பவர். மெலிந்த தேகம், நெற்றியில் ஏற்றிவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த, தறிக்கு நெடுக்கே ஓட்டும் பாவு நூல் கதவிடுக்கின் வழியே உள்ளறைக்குச் சென்றது. அங்கே அவருடைய மனைவி பேச்சிழந்து படுக்கையில் கிடந்தார். தறிச் சத்தத்தில் மணியடித்தாலும் கேளாது என்பதால், வேண்டியபோது அந்த அம்மையார் நூலை இழுப்பாராம்.

என் மல்லிகைத் தோட்டத்துக்குக் குறித்த நேரத்தில் நீர் திறந்துவிடும் பேட்டரிக் கருவி செயலிழந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தார்.

“சார்ஜ் மிச்சமாகணும்னு இது தூங்கிரும்ணே. உள்ள இருக்குற பெரிய கடிகாரம் நின்னுரும். சின்னது ஒண்ணு மட்டும் ஓடி, நேரத்த எண்ணி எழுப்பிவிடணும். அதத் துடிக்க வைக்கிற கிரிஸ்டல் செத்துப்போச்சு. இனி யாரு எழுப்புறது?”

அரிசியளவு கிரிஸ்டல் ஒன்றை எடுத்து மாற்றத் தொடங்கினார்.

“தோட்டத்துக்கு வந்து மாட்டிக் குடுங்க தம்பி, செடி வாடுது” என்றேன்.

கையை உயர்த்திக் காட்டினார். “நூலு வாசல் வரைக்குந்தாண்ணே. டீக்கடைக்குப் போயி எம்புட்டு நாளாச்சு!”

சிரித்தவர் சட்டென நிறுத்தினார். வெகுநேரமாக நூல் அசையவில்லை. சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுத் தாமே மெல்ல இழுத்தார். பதில் இல்லை. மீண்டும் இழுத்தார். அவர் எழுந்த கணத்தில் மறுமுனை இலேசாக ஒருமுறை இழுத்தது.

“முழிச்சுத்தான் இருக்கா” என்று அமர்ந்தார்.

நானே கொண்டுபோய் மாட்டிய கருவி இப்போது நாள்தோறும் தவறாது விழிக்கிறது. நீர் பாயும் ஓசை கேட்கையில் என் இடது மணிக்கட்டைத் தடவிக்கொள்கிறேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.