வியாகுலம்மாளின் கைராசி

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் இருந்த அந்த லைன் வீடுகளில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் டாக்டரைத் தேடமாட்டார்கள், வியாகுலம்மாளைத்தான் தேடுவார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பெண்கள் வார்டில் தரை துடைத்து, பெட்பான் எடுத்து, மிஞ்சிப்போன மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்து சேர்வாள். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஏ.பி.சி. என்கிற வலி மாத்திரை வைத்திருந்தாள். ஜுரம், பல்வலி, இடுப்புவலி, புருஷன் அடித்த வலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மாத்திரைதான். பெரியவர்களுக்கு முழுசு, பிள்ளைகளுக்குப் பாதி, கைக்குழந்தை என்றால் கால்.

பெட்டிக்கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான். ஆனால் அவள் கையால் வாங்கினால்தான் கேட்கும் என்று தெருவே நம்பியது. கடையில் வாங்கிய மாத்திரையைக்கூட அவளிடம் கொண்டுவந்து கொடுத்து, கைராசிக்காக அவள் கையால் திரும்ப வாங்கிப் போனவர்கள் உண்டு. அவளும் அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. பகலெல்லாம் "ஏய் ஆயா" என்று ஏவப்படுகிறவளுக்குத் தெருவில் இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லுவாள்?

அவள் புருஷன் இன்னாசி துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டுகிறவன். வருஷம் அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, கப்பல் சமையல்காரன் ஒருவன் கொடுத்தான் என்று ஒரு கினிப்பன்றியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். எலியைவிடப் பெரிசு, முயலைவிடச் சிறிசு, வால் கிடையாது. தெரு அதற்குச் சீமை எலி என்று பேர் வைத்தது. வியாகுலம்மாள் அதைப் பவுலு என்று கூப்பிட்டாள். அவள் டியூட்டி முடிந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளேயிருந்து விசிலடிக்கும்.

ஒரு நாள் காலை கடற்காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டதில் பவுலுவின் பின்னங்கால் நிலையில் மாட்டி நசுங்கிவிட்டது. அது கத்தவில்லை. மூலையில் போய் மயிர் சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்துகொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. புல்லை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியாகுலம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்கும் மூலைக்கும் நடந்தாள். பிறகு வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தாள். ஒரு மாத்திரையைக் கிள்ளி, கால் பங்கிலும் ஒரு துணுக்கை நுணுக்கி, தண்ணீரில் குழைத்து அதன் வாயில் தடவினாள்.

சற்று நேரத்தில் பவுலுவுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கையை வைத்துப் பார்த்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமா, கொடுத்ததே அதிகமா? அப்படி ஒரு கேள்வி அவளுக்குள் எழுந்தது அதுதான் முதல் தடவை. மீன்கூடையில் கோணிப்பையை விரித்து அதைப் படுக்க வைத்துக்கொண்டு, டியூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டு, வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

அங்கே பக்தவச்சலம் என்ற டாக்டர் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னாள். எவ்வளவு என்று கேட்டார். விரல் நுனியைக் காட்டினாள். இதன் எடை என்ன என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதைத் தராசில் வைத்தார். ஒரு கிலோகூட இல்லை. அந்த மாத்திரையில் மூன்று மருந்து கலந்திருக்கிறது, இதற்கு அதில் ஒன்று போதும், அதுவும் எடைக்குத் தக்கபடி என்றார். அவள் விடவில்லை. தெருவில் எல்லோரும் அவளைக் கெஞ்சுகிற மாதிரியே அவளும் கெஞ்சினாள்.

"ஒரு பென்சிலின் ஊசியாச்சும் போட்டுடுங்க டாக்டரு. ஊசி போட்டாத்தான் கேக்கும்."

"நமக்கு நல்லது பண்ற ஊசிம்மா அது. இதோட குடலுக்கு ஆகாது, செத்துப்போயிடும்."

நல்ல மருந்தே கொல்லும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எச்சில் ஒழுகியது தன் மாத்திரையாலா என்று பயந்துகொண்டே கேட்டாள். மாத்திரையாலும் இருக்கலாம், வலியாலும் இருக்கலாம், இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். காலுக்குக் குச்சி வைத்துக் கட்டி, ஆஸ்பிரின் தூளை மட்டும் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். இன்றைக்கு மருந்து எதுவும் கூடாது, நாளையிலிருந்து வேளைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது, கொத்தமல்லியும் நெல்லிக்காயும் கொடுங்கள் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குப் பச்சையம்மாவின் குழந்தை ஞாபகம் வந்தது. பக்கத்துச் சந்துப் பச்சையம்மா. போன மழைக்காலத்தில் குழந்தைக்கு ஜுரம் என்று வந்தாள். வியாகுலம்மாள் கால் மாத்திரை கொடுத்தாள். இறங்கவில்லை என்றதும் இன்னொரு கால், மறுநாளும் ஒன்று. அந்த வாரமே குழந்தை போய்விட்டது. ஜுரம் கொண்டுபோய்விட்டது என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படித்தான் சொல்லி, கூடவே உட்கார்ந்து அழுதாள். வியாகுலம்மாள் பஸ்ஸை விட்டு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக் கூடையோடு நடந்தாள்.

அடுத்த நாட்களெல்லாம் அவளுக்கு நரகம். பவுலு பல்லைக் கடிக்கும்போதெல்லாம் இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கை பரபரக்கும். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். இன்னாசி, "இன்னாமே, குட்டி போட்ட பூன மாரி சுத்தினு கீறே," என்பான். ஒரு சாயங்காலம் பவுலு கொத்தமல்லித் தழையை இழுத்துக் கடித்தது. பிறகு மெல்ல விசிலடிக்கவும் செய்தது.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வியாகுலம்மாள் பழக்கத்தில் பாட்டிலைத் திறந்தாள், மாத்திரையைக் கிள்ளவும் கிள்ளினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டாள். கெங்கம்மா சிரித்தாள். என்னால் கொடுக்க முடியாது, வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எலிக்கு வேப்பேரி வரிக்கும் போறே. எம் புள்ளைக்கு ஒரு கா மாத்திர குடுக்க உனுக்கு மனசு வர்ல."

வியாகுலம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வேகவேகமாக நடந்தாள். கெங்கம்மா திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

தினமும் தான் துடைக்கிற தரையில் நின்று, தன் முறை வரக் காத்திருந்தாள் வியாகுலம்மாள். டாக்டரம்மா குழந்தையை எடை போட்டுவிட்டு, வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டாள். கெங்கம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

"எங்க குட்த்துச்சு? கெஞ்சிப் பாத்தேன், இந்தக்கா ஒண்ணுமே குடுக்க மாட்டேன்னுட்ச்சு டாக்டரம்மா," என்று அவளைக் கைநீட்டிக் காட்டினாள்.

வியாகுலம்மாள் சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதாள். குழந்தையைப் பறிகொடுத்த பச்சையம்மா இன்றுவரை அவளைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.