கயிறு கட்டிய மறுநாள்

குடிகார எலிகளுக்குச் சோறு போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்று இரும்புலியூரில் பொன்னியைக் கேலி செய்வார்கள். "வூட்லயும் அதே வேலதான். அங்க சம்பளந்தான் கெடையாது" என்பாள் அவள். 2006-ல் தாம்பரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சாராயம் ஊற்றிப் பழக்கிய எலிகள். தலையில் மெல்லிய கம்பி பொருத்தி, மூளையில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் கோடுகோடாகப் பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்த குடிகாரன் அவள் கணவன், கொத்தனார் மாணிக்கவேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். கயிறு கட்டியபின் குடித்தால் சாமி சும்மா விடாது. மனுஷன் நிஜமாகவே குடிக்கவில்லை. பொன்னிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் அவனுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசினான். "சாமி வந்து நிக்கிதுடி" என்று மாமியார் அவன் நெற்றி நிறைய விபூதி பூசினாள். பொன்னியும் கும்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஆய்வுக்கூடத்திலும் முந்தின நாளே எலிகளுக்குச் சாராயத்தை நிறுத்தி, சிலதுக்கு மட்டும் வலிப்பைத் தடுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். மருந்து கொடுத்த எலிகள் சுருண்டு தூங்கின. மருந்து கொடுக்காத ஒன்று நடுங்கியது. பிறகு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்து, அடங்கிப்போனது.

"இன்னா மேடம் இது?"

"பழகின மூளை, பொன்னி. டக்குனு நிறுத்தினா தாங்காது, வலிப்பு வந்துடும்" என்றார் ஆராய்ச்சி செய்யும் ஜெயஸ்ரீ.

"மனுசனுக்கும் இப்டித்தானா?"

"ரொம்ப வருஷமா குடிக்கிறவங்களுக்கு வரலாம். உயிரே போகலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோடதான் நிறுத்தணும்."

பொன்னி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "ஐயோ, நாந்தான் மேடம் அவருக்குக் கயிறு கட்டிக் கூட்டியாந்தேன்!" என்று அலறினாள். ஜெயஸ்ரீ ஸ்கூட்டியை எடுத்தார்.

மாணிக்கவேல் தரையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் கற்பூரம் எரிந்தது. சாமி இறங்கியவனைத் தொடக்கூடாதாம், தெருவே கைகட்டி நின்றது. ஒருத்தருக்காவது ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை. பொன்னி எல்லாரையும் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் இழுப்பு நின்றது. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர்.

வராந்தாவில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி, கயித்தக் கட்டிகினு திருட்டுத்தனமா குடிச்சிருப்பான். அதான் சாமி அடிச்சிடுச்சி."

பொன்னி அவள் வாயைப் பொத்தினாள்.

"குடிச்சிருந்தா நல்லா இருந்திருப்பாரு அத்தே. உம்புள்ள ஒரு சொட்டுகூட குடிக்கல."