நான் பந்தை நிறுத்திய சனிக்கிழமை

சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். ஆடுகளத்தில் கால் வைத்ததும் நான் முதலில் பார்த்தது எதிரணியை அல்ல, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் மேலே இருந்த பெரிய சக்கரத்தை. அது சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றினால் ஆட்களைச் சுமக்கும் கேஜ் ஏறி இறங்குகிறது. கேஜ் ஏறி இறங்கினால் கீழே இருப்பவர்கள் நலம். தங்கவயலில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். இரண்டாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் பந்தைக் கையில் வாங்கினேன்.

புது நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. கூடை ஆட்டம் எங்கள் பக்கம் வந்து இரண்டு வருடம். மதராஸிலிருந்து வந்த மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால், செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து திமிசுக்கட்டையால் அடித்த தரை. இரண்டு கோடியிலும் கம்பம். கம்பத்தில் கல் அள்ளும் மூங்கில் கூடை. கூடைக்கு அடிப்பாகம் உண்டு. பந்து உள்ளே விழுந்தால் ஒருவர் ஏணி வைத்து ஏறி எடுத்துப் போட வேண்டும்.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகிறவன் தானே கூடையில் போடக் கூடாது என்பது அன்றைய விதி. அவன் எதிரிகளுக்கு நடுவே பந்தைக் கொண்டுபோக வேண்டும், எவன் மறிக்க ஆளில்லாமல் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும், அவன் கைக்குக் கொடுக்க வேண்டும். கூடையில் போட்ட பெயர் வாங்கியவனுக்கு. எங்கள் ஐந்து பேரில் கொண்டுபோகிறவன் நான். அதுவே என் பிழைப்பு.

பிழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் சுரங்கத்தை நடத்தும் கேப்டனுக்கு இந்த ஆட்டத்தில் பைத்தியம். பக்கத்துச் சுரங்கத்துக் கேப்டனுக்கும் அப்படியே. இரண்டு வெள்ளைக்காரர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காருவார்கள். நன்றாக ஆடுகிறவனைக் கீழேயிருந்து எடுத்து மேலே வேலை கொடுப்பார்கள். என்னைக் கேப்டன் கண்டது மண்ணுக்கடியில், மூன்றாவது தட்டான மூன்றாம் லெவலில். அங்கே கல் கூடையை வரிசையாக நின்று கைமாற்றுவோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அடுத்தவன் முகம் தெரியாது. மூச்சுச் சத்தத்தை வைத்து அவன் கை எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு திரும்பாமலே கொடுக்க வேண்டும். அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், மறுநாள் என் கையில் பந்தைக் கொடுத்தார். மேஸ்திரி மூலம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நல்லா ஆடினா மேல வேல. ஆட்டம் போச்சுன்னா பழையபடி கீழ. தொர சொல்றாரு, புரிஞ்சுதா?"

எனக்கு மெழுகுவத்தி ஜன்னல் கிடைத்தது. ஷிப்ட் தொடங்கும்போது கீழே போகிறவர்கள் வரிசையில் வருவார்கள். தங்கள் ஆள் எண்ணைச் சொல்லுவார்கள். ஓர் ஆளுக்கு மூன்று மெழுகுவத்தி கொடுக்க வேண்டும். மற்ற நேரம் களத்தில் பழக்கம்.

கீழே திரும்பிப் போவதற்கு நான் எவ்வளவு பயந்தேன் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆழத்தில் சில சமயம் பாறை தானாக வெடிக்கும். வெடிமருந்து வைக்காமல், யாரும் தொடாமல். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நான் இருந்த லெவலில் ஒரு முறை வெடித்தது. காற்று வந்து எல்லா மெழுகுவத்தியையும் ஒரே நேரத்தில் அணைத்தது. என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து ஓடினான். அவன் காலடிச் சத்தம் ஆறு கேட்டது, ஏழாவது கேட்கவில்லை. மேலேயிருந்து கல் விழுந்த சத்தம் கேட்டது. நான் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி அசையாமல் நின்றேன். வெடித்தால் நின்ற இடத்தில் நில், கையைப் பாறையில் வை, இரண்டாவது அதிர்ச்சி வந்து போகும்வரை அடி எடுத்து வைக்காதே என்பதுதான் கீழே எங்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம். என்னை வெளியே கொண்டுவர ஒன்பது மணி நேரம் ஆனது. அதன் பிறகு இருட்டில் தூங்க என்னால் முடியவில்லை. என் மனைவி விளக்கைத் திரி குறைத்து விடிய விடிய வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி ஷிப்டுக்கு அவளுடைய அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். எனக்கு மச்சான். ஷாஃப்ட் வேலையில் பழுத்தவர்.

"இன்னா மாப்ளே, மேலயே குந்திக்கினு மெழுகுவத்தி விக்கிறே. வெயில்ல கருத்துப் பூடப் போறே."

"விக்கல மச்சான், சும்மாதான் குடுக்கறேன். புடிங்க மூணு."

"இன்னொண்ணு போடு. மச்சான்னு ஒரு மரியாதை வாணாமா?"

"தொர பாத்தா நானும் உங்ககூட வரணும்."

"வாயேன். உன் எடம் அப்டியேதான் கீது. ஒருத்தனும் வரமாட்டேன்றான் அந்த மூலைக்கு." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு ஜெயிச்சுடு மாப்ளே. போன மாசமும் தோத்துட்டீங்க. தொர மூஞ்சி நல்லால்லை" என்றார்.

அது எனக்கும் தெரிந்திருந்தது.

எதிரணியில் நான்கு பேர் எங்களைப்போல் கீழேயிருந்து வந்தவர்கள். ஐந்தாவது ஆள் புதிது. மதராஸில் படித்தவர், அவர்கள் சுரங்கத்து ஆபீஸில் எழுத்தர். வெள்ளை பனியன், ஒட்ட வெட்டிய முடி. மண்ணுக்குக் கீழே ஒரு நாளும் போனதில்லை என்று சொன்னார்கள். என்னைப் பிடித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நான் எங்கே திரும்பினாலும் அவர் நெஞ்சு அங்கே இருந்தது.

கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"டேய் மெழுகுவத்தி, பந்த குட்றா! பொண்டாட்டி மாரி கட்டிப் புடிச்சுக்கினு கீறான் பாரு!"

"அந்த வெள்ளை பனியன்கிட்ட வாணாம், இந்தாண்ட வா, இந்தாண்ட!"

ஐந்து மணி ஆகச் சில நிமிடம். இரு பக்கமும் ஐந்தைந்து கூடை. முடிய மூன்று நிமிடம் இருப்பதாக வாத்தியார் விரலைக் காட்டினார். விசில் அவர் வாயில் இருந்தது. எதிரணி எறிந்த பந்து எங்கள் பக்கத்துக் கூடையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. நான் அதை எடுத்தேன். கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த தட்டில் பந்து கைக்கு வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்தது. தரை அதை மேலே தள்ளியிருந்தது. பிறகுதான் சத்தம். காதால் கேட்ட சத்தமல்ல, முழங்காலில் கேட்ட சத்தம்.

நான் நின்றேன். இடது கையில் பந்து. வலது உள்ளங்கை கம்பத்தைத் தொட்டிருந்தது. அதை எப்போது அங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. என் கண் சக்கரத்துக்குப் போனது. அது நின்றுவிட்டிருந்தது.

களத்தில் எங்கள் நால்வரும் நின்றிருந்தார்கள். எதிரணியின் நால்வரும் அப்படியே நின்றிருந்தார்கள். ஒருவன் ஒரு காலைத் தூக்கிய நிலையிலேயே இருந்தான். ஒன்பது பேரும் இரண்டாவது அதிர்ச்சிக்காகக் காத்திருந்தோம். எழுத்தர் மட்டும் நிற்கவில்லை. என் கையிலிருந்த பந்தை எளிதாக எடுத்தார், கூடையைப் பார்த்தார், எறிந்தார். பந்து கூடைக்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டாவது அதிர்ச்சி வந்தது, சின்னது. கூட்டம் அலறிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் வாத்தியார் விசில் ஊதினார்.

பந்தை எடுக்க ஏணியில் யாரும் ஏறவில்லை.

ஷாஃப்ட் வாயில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். என் மனைவி தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்திருந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் வந்துடுமாயா?"

"வந்துடும்."

"எந்த லெவல்ல கீதுன்னு சொல்லிச்சா?"

"தெரியல."

சக்கரம் அசையவில்லை. பெண்கள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்குயா அந்தாண்டயே திரும்பித் திரும்பிப் பாக்குற?"

நான் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய வருடங்களில் பல விபத்துகளைப் பார்த்தேன். காத்திருக்கும் மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத நேரும்போதெல்லாம் அந்த மாலை நினைவுக்கு வரும். மச்சான் உயிரோடு வர வேண்டும் என்று நினைத்தேன். அதே அளவுக்கு, அந்தக் கூடை செல்லுமா செல்லாதா என்றும் நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

ஐந்து மணி நாற்பதுக்குச் சக்கரம் சுற்றியது. மூன்றாவது கேஜில் மச்சான் வந்தார். தலை முதல் கால் வரை கல் தூள். ஒரு காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. தங்கை அவர் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்துச் சத்தமாக, காது கேட்காதவர் பேசும் குரலில் கேட்டார்:

"ஜெயிச்சீங்களா மாப்ளே?"

அவரோடு கீழே இருந்தவர்களில் இருவர் மறுநாள் காலையில் துணி போர்த்தி மேலே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைத் தேடிப் போனேன். அவர் நேர்மையான மனிதர். விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார்.

"விசில் ஊதறதுக்கு முன்னாடி விழுந்த கூடை அது, தம்பி. நான் மறுக்க முடியாது. தரை ஆடினா ஆட்டத்த நிறுத்தணும்னு இதுல எழுதல."

"எல்லாரும் நின்னாங்களே சார்."

"ஏன் நின்னீங்க? அதுதான் எனக்குப் புரியல."

நான் சொன்னேன். ஓடினவனின் ஆறு காலடியையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, கேலி இல்லாமல், உண்மையான வியப்போடு சொன்னார்:

"கீழ சரி. இங்க உங்க தலைக்கு மேல வானம்தானே இருந்துச்சு?"

அடுத்த வாரம் முழுவதும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கேப்டன் திங்களன்று கடந்து போனபோது தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு வழக்கத்தைவிட மரியாதையாக இருந்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. களத்தில் பந்து இன்னும் கூடைக்குள் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் மூங்கில் இடுக்கில் அதன் பழுப்புத் தோல் தெரியும். புதன்கிழமை அதை யாரோ எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை எங்கள் கேப்டன் பங்களாவின் வாசலில் எழுத்தர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அன்றிரவு என் மனைவி விளக்கின் திரியைக் குறைக்கவே இல்லை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். ஜன்னலுக்கு உள்ளே வராமல் வரிசை நிற்கும் பக்கத்திலிருந்து பேசினார்.

"தொர கோவமா இல்லப்பா. நல்ல பையன்னுதான் சொன்னாரு. அந்த மதராஸ்காரன் இங்க வந்துட்டான், அவ்ளோதான். அவனுக்கு நிக்கத் தெரியலியாம், அது நல்லதாம்."

"நான் எந்த லெவல்?"

"பழைய எடந்தான். மூணு."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். மச்சான் எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தார். என் முறை வந்தது. ஜன்னலுக்குள் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எண்ணைக் கேட்டார். சொன்னேன்.

மூன்று மெழுகுவத்தி கொடுத்தார்.