மூன்று தரம் செத்துக் காட்டிய சிஞ்ஞோரா

வீட்டு வேலைக்கு வருகிறவனுக்குத் தரை துடைக்கத் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துடைக்கும்போதே கதை கேட்கவும் தெரிய வேண்டும். இத்தாலியின் பலெர்மோவில் சிஞ்ஞோராமார் என்கிற எஜமானியம்மாமாரின் வீடுகளில் முதுகு ஒடிந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சிலருக்கு மூட்டுவலிக் கதை கிடைத்திருக்கும், சிலருக்கு மருமகள் கதை. எனக்குக் கிடைத்தது ஒரு ஜெர்மன் நடிகையின் வாழ்க்கை வரலாறு. அதுவும் பாட்டுகளோடு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லிபெர்த்தா வீதியில் அவருடைய மூன்றாம் மாடி வீடு. மனைவி றீற்றா மன்னாரில், சண்டைக்கு நடுவில். என் தங்கும் அனுமதியான பெர்மெஸோவைப் புதுப்பித்தால்தான் அவளைக் கூப்பிட முடியும். அதற்கு வேலை கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். என் குடும்பமே அந்த மனுசியின் பேனா முனையில் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்; நான் ஏன் இவ்வளவு பொறுமைசாலியாக இருந்தேன் என்று விளங்கும்.

வேலை கேட்டுப் போன அன்று

வேலை பிடித்துத் தரும் பங்குக் கன்னியாஸ்திரி ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினார்: எதைக் கேட்டாலும் "ஸீ, சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்று சொல். சமைப்பாயா, அயன் பண்ணுவாயா என்று கேட்பார் என ஆயத்தமாகப் போனேன். கேட்டது, "என்னைப் படத்தில் பார்த்திருக்கிறாயா?" என்று. ஸீ, சிஞ்ஞோரா. "எந்தப் படத்தில்?" இதற்கு ஸீ போதாது. மன்னாரில் ஜெர்மன் நடிகை நடித்த படம் ஓடியதாக எனக்கு நினைவில்லை. நடிகை என்றால் ஒரு இடத்திலாவது அழாமலா இருப்பாள் என்று துணிந்து, "நீங்கள் அழுவீர்களே, அந்தப் படம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொய் பிடிபட்டுவிட்டது, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "நான் எந்தப் படத்திலும் அழவில்லை. செத்தேன். அழுதது மற்றவர்கள். நாளைக்கு எட்டு மணிக்கு வா."

முகம் ஓரிடம், குரல் ஓரிடம்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு யாரும் சுருக்கிச் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் பேக்கரிக்காரரின் மகள். போர் முடிந்ததும் உணவகங்களில் பாடினார். பிறகு படம் நடிக்க இத்தாலிக்கு வந்தார். ஒவ்வொரு படத்திலும் ராணி. அரை மணித்தியாலத்தில் யாராவது நஞ்சு வைத்துவிடுவார்கள். அவருடைய இத்தாலியனில் ஜெர்மன் வாடை அடித்ததால் வேறொருத்தி குரல் கொடுத்தாள். பாடும்போது அந்த வாடை தெரியாது, குரலும் அருமையானது. ஆகவே மற்ற நடிகைகள் வாயசைக்க இவரைப் பாடவைத்து, இசைத்தட்டும் போட்டார்கள். கடைசியில் பலெர்மோ வக்கீல் ஒருவரைக் கட்டினார். வக்கீல் இந்த வீட்டையும் துடைத்து முடியாத பதினொரு வெண்கலச் சிலைகளையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வியாழன் பின்னேரம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் லீவு. என்னுடைய வியாழன் வீடியோ கசெற்றோடு போனது. வெறுமனே இருந்து பார்க்கவும் விடமாட்டார். அயன் பண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். ராணி சாகும் இடம் வந்ததும் அயன் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுக் கைதட்ட வேண்டும். ஒருநாள் கீழ்மாடியில் வேலை செய்யும் மொரிசியஸ்காரன் சிவென் ஏணி கேட்டு வந்து, முழுப் படத்தையும் பார்க்கும்படி மாட்டிக்கொண்டான். அவனுக்குத் தமிழ் பெயரில்தான் உண்டு, நாங்கள் கதைப்பது இத்தாலியனில். படியில் இறங்கும்போது அவன் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்: "படத்திலை முகம் இருக்கு, குரல் இல்லை. இசைத்தட்டிலை குரல் இருக்கு, முகம் இல்லை. இந்த மனுசியை முழுசாப் பாத்த ஆள் நீ ஒருத்தன்தான்ரா."

ஐம்பத்தொன்பது

நான் இருந்த காலத்தில் சிஞ்ஞோராவுக்கு இரண்டு பிறந்தநாள் வந்தது. இரண்டும் ஐம்பத்தொன்பதாவது. இரண்டாவதுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, வாயில் கேக்கோடு என்னைக் குசினிவரை துரத்திவந்து, "உண்மையைச் சொல், எத்தனை?" என்று கேட்டார். ஐம்பத்தொன்பது என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கேக் துகள் என் சட்டையில் தெறித்தது.

நான் எந்த முகத்தோடு காட்டிக்கொடுப்பேன்? என் பாஸ்போட்டில், என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் நாலு வருடத்தைக் குறைத்திருந்தான். அம்மாவுக்கு நான் முப்பத்தாறு, இத்தாலிக்கு முப்பத்திரண்டு. அன்று விருந்தாளிகள் போனபிறகு இதைச் சிஞ்ஞோராவிடம் சொல்லித் தொலைத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், உதட்டைப் பிதுக்கினார். "நாலே நாலு வருடமா? உன் ஏஜென்சிக்காரனுக்குத் துணிச்சல் போதாது."

கையெழுத்து

கையெழுத்துப் போட அவருக்குப் பஞ்சியே கிடையாது. கேட்காதவர்களுக்கும் தன் படத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். தபால்காரன், பல்வைத்தியர், பல்லரோச் சந்தையில் ஆட்டுக்குடல் விற்பவன்கூடத் தப்பவில்லை. அவன் அதைக் குடல்களுக்கு மேலே கொழுவி வைத்திருந்தான். ஆனால் என் பெர்மெஸோப் படிவத்தை நீட்டியதும் பேனா மூடிக்கொண்டது. காரணம் மூன்றாவது வரி: வேலை கொடுப்பவரின் பிறந்த திகதி. அடையாள அட்டையோடு அவரே நேரில் வரவும் வேண்டும். "இதைக் கொண்டுபோய்க் கொடு, போதும்" என்று தன் படமொன்றில் "குவெஸ்தூரா நண்பர்களுக்கு அன்புடன்" என்று எழுதித் தந்தார். பொலிஸ் கந்தோருக்கு! நான் அதை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோபப்படும் வசதி எனக்கு இருக்கவில்லை.

மூன்று கிழமை கெஞ்சினேன். தவணை முடிய எட்டு நாள் இருக்கையில் றீற்றாவின் கடிதம் வந்தது: பாஸ்போட் எடுத்திட்டன், எப்ப கூப்பிடுவியள்? அப்போதுதான் எனக்குக் கோபப்படும் வசதி வந்தது. ஒரு மனுசியின் வயதை மறைக்க இன்னொரு மனுசி ஷெல்லடிக்குள் இருக்க வேண்டுமா? அந்த வியாழனும் ராணி நஞ்சு குடித்துச் செத்தாள். நான் தலையணை உறையை அயன் பண்ணிக்கொண்டே இருந்தேன். சிஞ்ஞோரா கசெற்றைப் பின்னுக்கு ஓட்டினார். ராணி இரண்டாம் தரம் செத்தாள். நான் அடுத்த உறையை எடுத்தேன். மூன்றாம் தரமும் செத்தாள். உறைகள் முடிந்துவிட்டன, துண்டுகளுக்குப் போனேன்.

"நான் சரியாகச் சாகவில்லையா?" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. "வடிவாத்தான் செத்தனீங்கள், சிஞ்ஞோரா. பெர்மெஸோ இல்லாட்டி வாற மாசம் கைதட்ட இஞ்சை ஆள் இல்லை" என்றேன், வாயில் வந்த இத்தாலியனில். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "நாளைக்குப் போடக் கறுப்புத் தொப்பியைத் தூசி தட்டி வை."

குவெஸ்தூராவில்

தொப்பி, கையுறை, உதட்டுச் சாயம், ஒரு போத்தல் வாசனை. வரிசையில் நின்ற எங்கள் சனம் யாரோ அமைச்சரின் மனைவி என்று வழிவிட்டது. பிரான்காச்சோவில் இருந்து பஸ் மாறி வந்து விடிய முதலே நின்றவர்களும் விட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யன்னலுக்கு வந்ததும் அடையாள அட்டையைக் குப்புற வைத்துத் தள்ளினார். "நீ அங்காலை பார்" என்று எனக்குக் கட்டளை. நான் கூரையைப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான், மண்டபத்துச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கேட்டார்: "பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் ஆண்டா, சிஞ்ஞோரா?" மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எழுபத்தைந்து! இப்போது அட்டையைப் பறித்துக்கொண்டு திரும்பி நடப்பார், அந்த அட்டையோடு என் றீற்றாவும் போவாள் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றினார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து, யாரும் வேறு குரல் கொடுக்கத் தேவையில்லாத தன் சொந்தக் குரலில், ஜெர்மன் வாடை மண்டபம் முழுக்க அடிக்கச் சொன்னார்: "ஆம். இன்னொரு முறை வாசியுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை."

சிஞ்ஞோராமார் பழைய கோட்டுத் தருவார்கள், மீந்த கேக் தருவார்கள், மருமகளைப் பற்றிய இரகசியம்கூடத் தருவார்கள். வேலைக்காரனுக்காகப் பிறந்த ஆண்டைத் தந்த ஒரே சிஞ்ஞோரா என்னுடையவர்தான், அதனால்தான் இதை எழுதும்போது றீற்றா பக்கத்தில் இருந்துகொண்டு, "அவவைக் கிழவியெண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ" என்று பேனாவைப் பிடித்து இழுக்கிறாள்.