கெட்டில் கார்

அந்தச் சின்னச் சிவப்புக் காருக்குத் தெருப் பிள்ளைகள் கெட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவருக்கும் அதே பெயர்தான். தனியாக ஒன்று யோசிக்கச் சோம்பல். கார் ஆவி கக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பினால் வாளித் தண்ணீரோடு தீயணைப்பு வீரர்கள் மாதிரி வரிசையில் நிற்பார்கள்.

கெட்டில் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்குகிறவர். தன் மனைவியைத்தான் தன் காரில் ஏற்ற முடியவில்லை.

எல்லாம் சொந்தக் கைவேலை. எலி மாதிரி இருந்த காருக்குள் புலி மாதிரி ஓர் எஞ்சினைத் திணித்திருந்தார். ஓடும்வரை சமர்த்து. சிக்னலில் நின்றால் சூட்டு முள் விறுவிறுவென ஏறும். உடனே ஹீட்டரைத் திருகுவார். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்தால் எஞ்சின் பிழைக்கும். உள்ளே இருப்பவர் பாடு அவரவர் பாடு. அப்படி ஒரு நடுப்பகலில் வெந்து இறங்கிய மனைவி சொல்லிவிட்டார்: "இனிமே இதுல என் செருப்புகூட ஏறாது."

இப்போது மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"டாக்ஸி சொல்லிடுங்க," என்றார் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.

"நம்ம வண்டி இருக்கே."

"அதனாலதான் சொல்றேன்."

கெட்டில் டாக்ஸி சொல்லவில்லை. முடியாத நேரத்தில்கூட அவளுக்குப் பயன்படாத வண்டி யாருக்கு என்று யோசித்தார். தடித்த அலுமினிய ரேடியேட்டரும் பெரிய மின்விசிறியும் வாங்கிப் பொருத்தினார். முன்சக்கரங்களை உயர்த்தி வைத்து, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் ஊற்றி, பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பது போல ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. நிறுத்தி வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. புதுச் சட்டை போட்டவன் வீட்டில் உட்காருவானா?

மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே மனைவி ஏறினார். முதல் சிக்னலில் முள் எழுந்தது. கெட்டில் ஹீட்டரைத் திருகினார். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் ஓரம் கட்டினார். மனைவி ஊன்றுகோலோடு இறங்கி, காரின் முன்னால் போய் நின்றார். காரிலிருந்து வந்த காற்றில் அவர் முந்தானை படபடத்தது.

"ஏங்க, இது ஊதுதே. காத்த உள்ள இழுக்க வேணாமா?"

கெட்டில் ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் பறந்து போனது. சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றி மாட்டியதில் விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று அந்தத் தப்பை மறைத்திருக்கிறது.

"உன் ஆபரேஷனையே நெனச்சுக்கிட்டு மாட்டினேன்," என்றார் மெதுவாக.

"ஆமா, பழிய என் முட்டி மேல போடுங்க."

எஞ்சினை அணைத்து, ஒயரை மாற்றினார். அடுத்த சிக்னலில் முள் பாதியிலேயே நின்றது. நிம்மதியாக ஹீட்டரை மூடினார்.

"எதுக்கு நிறுத்துறீங்க?"

"இனிமே வேணாம்."

"வண்டிக்கு வேணாம். முட்டிக்கு இதமா இருந்துச்சு. போடுங்க."

தெருமுனையில் வாளிகள் தயாராக நின்றன. காரிலிருந்து ஆவி வரவில்லை. ஓட்டியவர்தான் வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கி, ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தார்.