முட்டி வலி என்று எழுதினேன்

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. நைனா, அதாவது என் அப்பா, இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஒரு மாசி மாதம் சென்னையிலிருந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் மூன்று பேர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஒருவர் டாக்டர். ஒருவர் உடற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மூன்றாவது, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஊர் ஊராகப் போய் ஆராய்கிறவர். இனிமேல் மனிதர்கள் நீண்ட காலம் உயிரோடு இருக்கப் போகிறார்கள், வயதான உடம்புக்கு விளையாட்டு என்ன செய்யும் என்று மூன்று துறையும் சேர்ந்து பார்க்கிறோம் என்றார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களை முதலில் அளப்பார்கள். பிறகு மூன்று மாதம் தினமும் காலையில் பயிற்சி. முடிவில் மறுபடியும் அளப்பார்கள். நடுவில் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

ஆண்கள் வந்தார்கள். பெண்கள் ஒருத்தரும் வரவில்லை. அதனால் அம்மாவையே கூப்பிட்டேன்.

"நான் இன்னாத்துக்கு பாப்பா அங்க? சிரிப்பாங்க."

"ஒரு நாள் வாம்மா. புடிக்கலன்னா வந்துடலாம்."

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கழனியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிய உடம்பு. டாக்டர் ஒரு மரப்பெட்டியின் மேல் மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொல்லி நாடி பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடியும் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பிடிவலு அளக்கும் இரும்புக் கருவியைக் கொடுத்தார். அம்மா அழுத்தியதும் முள் ஓடிய தூரத்தைப் பார்த்து, வரிசையில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னும் அழுத்தணுமா சார்?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா போனாள் என்று தெரிந்ததும் தெருவிலிருந்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள். முதலில் நடை, பிறகு கை வீசுவது, குனிந்து நிமிர்வது. இரண்டாவது வாரம் வலையைக் கட்டி, ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கிற விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிப் போய் ஒற்றைக் கையால் பிடிப்பாள். பிடித்ததும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நைனா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காலையில் என்னை எழுப்புவதே அவள்தான். "எழுந்திரு பாப்பா, வெய்ய வந்துட்டா ஆட முடியாது" என்பாள்.

மதில் சுவருக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஆண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். அவலூர்பேட்டையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார். ஒரு பயிற்சி முகாமில் அவரைப் பார்த்திருந்தேன். அவர் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அவருடைய அம்மா ஆள் விட்டு விசாரித்திருக்கிறார். அந்த ஆள் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்க அம்மா இஸ்கூல் கிரவுண்டுல வெளையாடுறாங்களாமே, நெசமா?" என்பதுதான்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொன்னார். "தாலி அறுத்தவ கிரவுண்டுல ஓடுறான்னு ஊரே பேசுது. நான் சொன்னா கேக்க மாட்டா. நீதானே இட்டுக்கினு போன, நீயே சொல்லு."

ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே, அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "நாளையிலேர்ந்து வர வேணாம்மா."

அவள் கை நின்றது. "நான் எதுனா தப்பா ஆடுறனா?"

"இல்லம்மா. அவலூர்பேட்டைல கேட்டாங்களாம்."

"சரி" என்றாள். மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

அம்மா நின்றதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மூன்றாம் மாத முடிவில் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு அளக்க ஒரு பெண்ணும் இல்லை. கண்ணாடி போட்ட அம்மாள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா வரல?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "முட்டி வலிக்குதுங்க" என்றாள்.

அவளுக்கு ஒரு வலியும் இல்லை. எனக்காகச் சொன்னாள். அவர் கொண்டுவந்த படிவத்தில் விலகிய காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'முட்டி வலி' என்று என் கையால் எழுதினேன். மற்ற ஆறு பேருக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவலூர்பேட்டைக்குப் போய்விட்டேன். அவர் நல்லவர். அம்மா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கழனிக்கும் அண்ணன் அனுப்பவில்லை. நான் வரும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்; எழுந்திருக்க அண்ணியின் கை தேவைப்பட்டது. இரண்டாவது வருடம் கொல்லையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு படுக்கைதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி அறிக்கை அச்சாகி என் பழைய பள்ளிக்கு வந்தது. தலைமையாசிரியை எனக்குக் கொடுத்தனுப்பினார். ஆண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. பெண்களைப் பற்றி ஒரு பத்தி. மூட்டு உபாதையால் அனைவரும் விலகிவிட்டதாகவும், அந்த வயதுப் பெண்களுக்கு விளையாட்டு ஒத்துக்கொள்வதில்லை என்று நினைக்க வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நான் பஸ் பிடித்து அம்மாவிடம் போய், அழுதுகொண்டே படித்துக் காட்டினேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "படிச்சவங்க எழுதுறாங்க. நீ ஏன் அழுவுற?"

"என்னாலதாம்மா."

 "சாப்டியா?" என்று கேட்டாள்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த பிறகு, அண்ணன் வீட்டிலிருந்தே நடந்ததையெல்லாம் எழுதி, கண்ணாடி போட்ட அந்த அம்மாளுக்குக் கடிதம் போட்டேன். பதில் எழுதாமல் அவரே அங்கே புறப்பட்டு வந்தார். அச்சானதை மாற்ற முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கு நான் உங்க அம்மாவைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றார்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றேன்.

அண்ணி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடிக்காமல் அம்மா படுத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.